ஏழாவது ரீலில் காடி வாடை: பழைய தமிழ்ப் படங்களின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

பழைய தமிழ்ப் படங்களின் உரிமையை இன்று கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். படமெடுத்த முதலாளிகளில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேரன் பேத்திகளிடமும், டிவி நிறுவனங்களிடமும், மொத்தமாக உரிமை வாங்கி வைத்தவர்களிடமும் அந்தப் படங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒருவர் முகவரி கிடைத்தால் ஒன்பது பேர் முகவரி கிடைப்பதில்லை. அதனால்தான் தபாலில் போடாமல், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு படத்தின் பிரிண்ட், அதாவது தியேட்டரில் ஓட்டிய பிலிம் பிரதி, இருக்கிறது. 35 எம்.எம்., கறுப்பு வெள்ளை, 14 ரீல், நான்கு தகரப் பெட்டி. 1960களின் கடைசியில் தியேட்டருக்கு வந்த படம். உரிமை வழக்கு வருமோ என்ற பயத்தில், என்ன படம் என்று இங்கே எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தைரியத்தைக் கேட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

என் சித்தப்பா தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து மனிதர். கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட முடிவானபோது, ஆபரேட்டர் ரூமுக்குப் பின்னால் நான்கு பெட்டிகள் கிடந்தன. படத்தை அனுப்பிய விநியோகஸ்தர் ஆபீஸ் எப்போதோ மூடியிருந்தது. பெட்டியைத் திருப்பி எடுக்க ஆள் வரவில்லை. பழைய சாமான் கடைக்காரர் எடை போட வந்தபோது, சித்தப்பா தன் கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு அவை எனக்கு வந்தன.

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து அதை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். பழைய எடிட்டிங் மேசை ஒன்றை வாங்கி, பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மெத்தென்ற உருளை போட்டோம். பல்புக்குப் பதில் எல்.இ.டி., மேலே ஒரு தொழிற்சாலைக் கேமரா. நொடிக்கு இரண்டு பிரேம் போகும். ஆயிரம் அடி ரீல் ஒன்றில் 16,000 பிரேம் இருப்பதால் ஒரு ரீலுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த ரீலைச் சுத்தம் செய்து, பிலிம் ஓரத்தில் உடைந்த துளைகளை ஒட்டி, காய்ந்துபோன பழைய ஒட்டுகளைப் பிரித்து மறுபடி ஒட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. யாருக்கும் இதில் காசு இல்லை. ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் மின்வாரியத்தில் வேலை, ஒருவர் கல்யாண வீடியோ எடிட்டர். நால்வருக்கும் பொதுவானது ஒன்றுதான்: அந்தப் படத்தை அது வந்த மாதிரியே ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வந்த மாதிரி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அந்தப் படம் இன்று டிவியிலும் போனிலும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அகலத் திரைக்கு இழுத்து நிரப்பிய படம். அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறத்தாழ சதுரமாக, உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற கணக்கில் இருக்கும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைக்கென்றே எடுத்த படம், 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய தமிழ்ப் படம் எதுவும் ஸ்கோப்பில் எடுக்கப்படவில்லை. இன்றைய டிவித் திரைக்குப் பழைய படச்சட்டத்தை நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். ஸ்கோப்புக்கு நிரப்பினால் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கேமராமேன் தலைக்கு மேல் எவ்வளவு இடம் விட வேண்டும், நாட்டியத்தில் பாதம் எங்கே தெரிய வேண்டும் என்று யோசித்து வைத்த சட்டம் அது. டிவி வடிவத்தில் எங்கள் படத்தின் கதாநாயகி ஆடுகிறார், கால் தெரியவில்லை. ரீலை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் சலங்கை கட்டிய பாதம் இரண்டும் இருக்கின்றன. நண்பர் அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

டிவி வடிவத்தில் ஒரு பாட்டு முழுசாக இல்லை. இரண்டு நகைச்சுவைக் காட்சிகள் இல்லை. ஒலியையும் சுத்தம் செய்கிறேன் என்று வயலினின் மேல் சுரங்களைச் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். பின்னணியில் புதிதாக இடியும் குதிரைக் குளம்பும் சேர்ந்திருக்கின்றன. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்ததாக நான் நினைக்கவில்லை. இளைஞர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். 2012இல் கர்ணன் புதுப்பொலிவோடு வந்து நூறு நாள் தாண்டி ஓடியதை நாங்கள் மறக்கவில்லை. நாற்பத்தெட்டு வருடப் பழைய படத்துக்கு வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தோம். பழைய படத்துக்கும் கூட்டம் வரும் என்று இந்தத் தொழிலுக்குக் காட்டியவர்கள் அதைச் செய்தவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடலில் மேலே போக எனக்கு மனமில்லை. எங்கள் ஆசை அதற்கு அடுத்த படி: புதுப்பித்தது ஒருபுறம் இருக்கட்டும், அன்று ஒற்றை ஸ்பீக்கரில் கேட்ட மோனோ ஒலியும் அன்று திரையில் விழுந்த சட்டமும் வேறொரு பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

கேமராவில் ஓடிய மூலப் பிலிமான நெகட்டிவ் இருக்கிறதே, பிரிண்ட் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பல படங்களுக்கு நெகட்டிவ் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஓடிக் களைத்த படங்களுக்கு மறுபடி மறுபடி மூல நெகட்டிவிலிருந்தே பிரதி போட்டார்கள். வெற்றிப்படம் என்றால் நெகட்டிவ் அதிகம் தேய்ந்திருக்கும். நம் மக்கள் அதிகம் நேசித்த படங்கள்தான் அதிகம் சிதைந்தவை. பிறகு தியேட்டர்களெல்லாம் டிஜிட்டலுக்கு மாறி, சென்னையில் பிலிம் லேப்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தபோது, வாடகை பாக்கியோடு கிடந்த நெகட்டிவ்களை எடுத்துப்போகச் சொல்லிக் கடிதம் போனது. சிலர் வந்து எடுத்தார்கள். சிலருக்கு அந்தக் கடிதமே போய்ச் சேரவில்லை.

மிஞ்சியவை தியேட்டருக்குப் போன பிரிண்ட்கள்தான். சென்னையில் விநியோகஸ்தர்கள் இருந்த மீரான் சாகிப் தெருவிலிருந்து பெட்டியில் கிளம்பி, ரயிலிலும் பஸ் கூரையிலும் ஊர் ஊராகப் போய், டூரிங் கொட்டகை மணலைத் தின்று, கீறல்பட்டு மழைக் கோடு விழுந்து திரும்பிய பிரிண்ட்கள்.

அவற்றிலும் குறை இருக்கிறது. சிறுவயதில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் பத்து பைசாவுக்குப் பிலிம் துண்டு விற்பார்கள். எம்ஜிஆர் துண்டு, சிவாஜி துண்டு, பாட்டுத் துண்டு என்று தனித்தனி விலை. பியூஸ் போன குண்டு பல்பில் தண்ணீர் நிரப்பி, வாசலில் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே திருப்பி, வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டாத பையன் எங்கள் தெருவில் இல்லை. அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று அப்போது யோசித்ததில்லை. ஓடும்போது அறுந்த இடத்தில் சேதமான பிரேம்களைக் கத்தரித்துவிட்டு, பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் வைத்து ஆபரேட்டர் ஒட்டுவார். வெட்டியது தரையில் விழும். அதுதான் எங்கள் டவுசர் பைக்கு வந்தது. இன்று எங்கள் பிரிண்டில் நாலாவது ரீலில் ஒரு குளோசப் குதிக்கிறது. பதினோரு பிரேம் இல்லை. அதுவும் எந்தப் பையனின் பையிலோ போயிருக்கும்.

பிலிமில் ஒரு சங்கதி உண்டு. ஒலித் தடம் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஆகவே ஓரிடத்தில் வெட்டினால் படம் ஓரிடத்திலும் ஒலி வேறோர் இடத்திலும் காயம்படும். நாயகி கண்ணைத் துடைக்கும் இடத்தில் வெட்டு. ஆனால் நாயகன் சொல்லும் அடுத்த வசனத்தில்தான் ஓர் எழுத்து விழுங்கப்படுகிறது. ஒரே ஒரு பிரிண்டை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்ய வழியில்லை. இரண்டாவது பிரிண்ட் வேண்டும். வேறு ஊரில், வேறு இடங்களில் அறுந்த பிரிண்ட்.

உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்கு முன்னால் எத்தனை ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார் என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு சுவடியில் செல்லரித்த இடம் இன்னொரு சுவடியில் முழுசாக இருக்கும். பிரிண்டும் அப்படித்தான். மதுரைப் பக்கம் ஓடிய பிரிண்டில் இல்லாத பாட்டு, கொழும்புக்கோ பினாங்குக்கோ போன பிரிண்டில் இருக்கலாம். பாடபேதம் பார்க்காமல் ஒரு பழைய படத்தின் முழு உருவம் தெரியாது.

இரண்டாவது பிரிண்ட் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரியும். வேறொரு மாவட்டத்தில் ஒரு பெரியவரிடம் இருக்கிறது. அவரிடம் ரீல் பதினொன்று இல்லை, எங்களிடம் இருக்கிறது. எங்கள் நாலாவது ரீலின் குளோசப் அவரிடம் முழுசாக இருக்கிறது. பார்க்க விட்டார், தொட விடவில்லை. எடுத்துப்போய் ஸ்கேன் செய்ய அனுமதி கேட்டபோது கதவைச் சாத்திவிட்டு உள்ளே கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் அவருடைய நண்பர், இன்ன படத்தின் பிரிண்ட் என்னிடம் இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று ஊர் நூலக விழாவில் மேடையேறிச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்ததாம். பயந்துபோன மனிதர் அத்தனை ரீலையும் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார். கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதை எடுக்க வாங்குகிறவர்கள் உண்டு.

நோட்டீஸ் அனுப்பியவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் கிடைத்தது என்ன? அந்தப் படத்தின் நெகட்டிவ் அவரிடம் இல்லை. அவர் உரிமை கொண்டாடிய படத்தின் ஒரே பிரிண்ட் அதுவாக இருந்திருக்கலாம்.

உங்கள் அச்சத்தையும் நான் அறிவேன். வீடியோ கேசட் காலத்திலிருந்து இந்தத் தொழில் திருட்டுப் பிரதியால் பட்ட அடி சின்னதில்லை. படம் வெளியான அன்றே கேசட் வந்து, கடன் வாங்கிப் படமெடுத்தவர்கள் வீட்டை விற்ற கதைகள் உண்டு. ரசிகன் கையில் பிரிண்ட் என்றதும் உங்களுக்கு அந்தக் காலம் நினைவுக்கு வருவதில் தப்பில்லை. அமெரிக்காவிலும் இதே அச்சம் இருந்தது. 1974இல் ரோடி மெக்டவால் என்ற நடிகரின் வீட்டுக்கே எப்.பி.ஐ. போய் அவர் சேர்த்து வைத்திருந்த பிரிண்ட்களைப் பறிமுதல் செய்தது. சினிமாவை நேசித்துச் சேர்த்த மனிதர் அவர். அதன்பிறகு சேகரிப்பாளர்கள் தங்களிடம் இருப்பதை வெளியே சொல்லவே அஞ்சினார்கள்.

ஆனால் எத்தனை படங்கள் தனி மனிதர் கையில் இருந்ததால் பிழைத்தன என்பதையும் பாருங்கள். 1927இல் வெளியான மெட்ரோபோலிஸ் என்ற ஜெர்மன் படத்தை வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டியது தொலைந்தது என்றுதான் எண்பது வருடம் நம்பினார்கள். 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில், ஒரு சினிமா அருங்காட்சியகத்தில் நீளமான 16 எம்.எம். பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது வந்த வழி: ஒரு விநியோகஸ்தர் கொண்டுவந்த தியேட்டர் பிரிண்ட், அவரிடமிருந்து ஒரு சினிமா விமர்சகரின் சொந்தச் சேகரிப்பு, அங்கிருந்து அரசுக் கிடங்கு. கோடும் கீறலும் நிறைந்த அந்தப் பிரதியால் சுமார் 25 நிமிடப் படம் உலகத்துக்குத் திரும்பி வந்தது.

நம் பக்கத்திலும் ஒன்று சொல்கிறேன். நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப் படம் மார்த்தாண்டவர்மா, 1933. அந்தப் படத்துக்கு மூலமான நாவலின் பதிப்பாளர்கள் உரிமை வழக்குப் போட்டார்கள். படம் முடங்கியது. பிரிண்ட் திருவனந்தபுரத்தில் அந்தப் பதிப்பாளர்களின் புத்தகக் கடை வசம் கிடந்தது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர் அதைத் தேடிப்பிடித்துப் புனேவுக்குக் கொண்டுபோனார். தென்னிந்திய மௌனப் படங்களில் முழுசாக இன்று பார்க்கக் கிடைப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள். நாற்பது வருடம் ஒரு கடைக்காரர் அதை எறியாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான் நடந்தது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியாரின் கீசக வதத்துக்கு அப்படி ஒரு கடைக்காரர் வாய்க்கவில்லை. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸுக்கும் வாய்க்கவில்லை. 1931 அக்டோபர் 31 அன்று மக்கள் முண்டியடித்துப் பார்த்த படம். அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமியின் குரல் அதில் எப்படி ஒலித்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

ரசிகர்கள் இறங்கிச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் ஸ்டார் வார்ஸ். 1977 மே மாதம் வந்த அந்தப் படத்தை, அதை எடுத்த ஜார்ஜ் லூகாஸே 1997இல் கம்ப்யூட்டர் காட்சிகளைச் சேர்த்து மாற்றினார். பிறகும் பலமுறை மாற்றினார். முதல் வடிவத்தை நல்ல தரத்தில் வெளியிட மறுத்தார். இத்தனைக்கும் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் போய், பழைய படங்களுக்கு வண்ணம் பூசுவதையும் வெட்டுவதையும் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் அவர்தான். ரசிகர்கள் கொஞ்ச காலம் கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு 1977இன் டெக்னிகலர் தியேட்டர் பிரிண்டைத் தேடிப்பிடித்து, 4கே என்ற உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து, பிரேம் பிரேமாக அழுக்கெடுத்தார்கள். 4கே77 என்று அதற்குப் பெயர். அதில் 97 சதவீதம் ஒரே பிரிண்டிலிருந்து வந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2025 ஜூனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தன் கிடங்கிலிருந்த 1977 டெக்னிகலர் பிரிண்டை லண்டனில் விழாவின் தொடக்கப் படமாகத் திரையிட்டது. ஐம்பதாம் ஆண்டுக்கு 1977 வடிவத்தையே 2027இல் தியேட்டருக்குக் கொண்டுவருவதாக இப்போது லூகாஸ்பிலிம் நிறுவனமே அறிவித்துவிட்டது. ரசிகர்கள் அந்த வடிவத்தை இத்தனை வருடம் பேச்சில் வைத்திருக்காவிட்டால் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் டெக்னிகலர் பிரிண்டைத் தேடினார்கள் என்பதில் நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது. சாதாரண ஈஸ்ட்மென்கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும். 1980களின் தொடக்கத்துக்கு முந்தைய பிரிண்டை இன்று போட்டால் வானமும் முகமும் புடவையும் ஒரே ரோஸ் நிறமாக இருக்கும். பழைய டெக்னிகலர் முறையில் மூன்று சாயங்களையும் தனித்தனியாக ஒற்றி எடுப்பார்கள். அந்தச் சாயம் எளிதில் மங்குவதில்லை. வீரபாண்டிய கட்டபொம்மன் கேவாகலர் என்ற வண்ணப் பிலிமில் எடுக்கப்பட்டு, லண்டனில் டெக்னிகலர் பிரதியாகி 1959இல் வந்தது. அந்த முதல் சுற்றுப் பிரிண்டின் ஒரு ரீல் எங்காவது ஒரு ஊர்ப் பரணில் கிடந்தால்கூட, ஜாக்சன் துரை முன்னால் நின்ற கட்டபொம்மனின் உடை அன்றைக்கு என்ன நிறத்தில் திரையில் விழுந்தது என்பதற்கு அது சாட்சி சொல்லும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறம் ஊகிப்பவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. அந்தப் பரண் யாருடையது? தெரியாது. சொன்னால் நோட்டீஸ் வரும் என்ற பயம் இருக்கும்வரை தெரியவும் தெரியாது.

சட்டத்தையும் படித்துப் பார்த்தோம். படம் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை. 1964இல் வெளியான படங்களுக்கு அது 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. ஆனால் பாட்டு எழுதியவரின் உரிமை அவர் மறைந்து 60 ஆண்டு வரை தனியாக நிற்கும். கண்ணதாசன் 1981இல் மறைந்தார், அவர் வரிகளுக்கு 2041 வரை. 2012 திருத்தத்தின்படி, லாபநோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். பெட்டியை வீட்டில் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. புத்தகம் போட்டால் நூலகத்துக்குப் பிரதி தர வேண்டும் என்று 1954இலிருந்து நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. படத்துக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் இந்த மடலை எழுத வேண்டியதே இருந்திருக்காது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 597 கோடி ரூபாயில் தேசியத் திரைப்பட பாரம்பரியத் திட்டம் வந்தது. புனேயில் குளிரூட்டிய கிடங்கு இருக்கிறது. ஆனால் பெட்டி அங்கே போய்ச் சேர வேண்டுமே. சேர்ந்த பிறகும் அதைப் பொதுமக்கள் பார்க்க உங்கள் கையெழுத்து வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒரு பக்கக் கடிதம். உங்கள் படத்தின் தியேட்டர் பிரிண்ட் யாரிடம் இருந்தாலும், அதைக் காசுக்கு விற்காமல், இணையத்தில் ஏற்றாமல், பாதுகாப்புக்காக மட்டும் ஸ்கேன் செய்தால் வழக்குப் போட மாட்டேன் என்று எழுத்தில் ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக ஸ்கேனின் முழுப் பிரதி முதலில் உங்கள் கைக்கு வரும். இரண்டாவது பிரதி புனேவுக்கோ, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்துக்கோ போகட்டும். அந்த நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், வீட்டில் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்ததுதானே. அதை வைத்து நீங்கள் மறுவெளியீடு செய்து சம்பாதித்தால் எங்களுக்கு அதில் ஒரு ரூபாய் வேண்டாம். டைட்டிலில் பெயரும் வேண்டாம். நீங்கள் எல்லோரும் சங்கத்தில் கூடி ஒரே தீர்மானமாகப் போட்டால் இன்னும் நல்லது. தனித்தனியாகத் தந்தாலும் சரி, முதலில் கையெழுத்துப் போடும் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் வருவார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஸ்கேனில் உள்ளதை உள்ளபடி ஒரு பிரதி இருக்க வேண்டும். தணிக்கைச் சான்றிதழ், ரீல் முடிவில் மூலையில் வந்துபோகும் வட்டப் புள்ளி, இடைவேளை அட்டை, மழைக் கோடு எல்லாம் சேர்த்து. துடைப்பதும் மெருகிடுவதும் அடுத்த பிரதியில் நடக்கட்டும்.

இதைப் படிக்கும் சக ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. சுத்தம் செய்கிறேன் என்று பிலிமின் இயல்பான பொடித்துகளை எல்லாம் அழித்து, சாவித்திரியின் முகத்தை மெழுகுப் பொம்மை ஆக்கிவிடும் சில வீடியோக்களைப் பார்க்கிறேன். மனசு வலிக்கிறது. ஸ்கேனை இணையத்தில் ஏற்றிப் பெயர் வாங்கவும் வேண்டாம். ஒருவர் அவசரப்பட்டால் பத்துப் பேர் வீட்டுப் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

இனி நேரம் பற்றி. அசிடேட் என்ற பொருளில் செய்த அந்தக் காலத்துப் பிலிமுக்கு ஒரு நோய் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால் பிலிமின் அடித்தளமே புளித்துக் காடியாகும், வினிகர் மாதிரி. வாடை வரும், சுருங்கும், வளையும், கடைசியில் அப்பளம் போல நொறுங்கும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது, குளிரில் வைத்து வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். 21 டிகிரி வெப்பம், பாதி ஈரப்பதம் என்று வைத்தால் புதிய பிலிமுக்கு இது தொடங்க 40 ஆண்டு ஆகும் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. எங்கள் ஊரில் சித்திரை மாதத்து மொட்டைமாடி அறை என்ன வெப்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு டப்பாவிலும் சோதனைத் தாள் ஒன்றைப் போட்டு மூடுவோம். நல்ல பிலிம் என்றால் தாள் நீலமாகவே இருக்கும். பச்சையானால் நோய் தொடங்கிவிட்டது, மஞ்சளானால் முற்றிவிட்டது. போன ஆடியில் ஏழாவது ரீலில் தாள் பச்சையாக வந்தது. இந்த மாதம் மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி வாடை. மற்ற ரீல்களுக்குத் தொற்றாமல் அதைத் தனி அறையில் வைத்திருக்கிறோம். அந்த ரீலை மட்டும் வரிசையை மீறி முதலில் ஸ்கேன் செய்து முடித்துவிட்டோம். டிவியில் வராத அந்தப் பாட்டு அதில்தான் இருக்கிறது.

உங்களில் யாருடைய படம் இது என்று உங்களுக்கே தெரியாது. அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதி வெளியிடுங்கள். உங்கள் பெயரைப் பார்த்த அன்றே படத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று ரீலைப் பெட்டியோடு ரயிலில் ஏற்றிக் கொண்டுவருவேன். ஏழாவதை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் எடுத்துவருவேன். நீங்கள் சொல்லும் இடத்துக்கு.

இப்படிக்கு,
ஓர் ஆபரேட்டரின் அண்ணன் மகன்,
மதுரை